கைலாய பரிக்கிரமா: 66 வயசு அப்பாவ கூட்டிட்டு போகலாமா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க

மேகலை_திருச்சி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாக்கு 66 வயசு. ரிட்டயர் ஆனதுலேருந்து ஒரே நெனப்பு கைலாய யாத்திரை தான். பௌர்ணமி தவறாம திருவண்ணாமலை போய் கிரிவலம் 14 கிலோமீட்டரும் செருப்பில்லாம நடந்துட்டு வர்றவர், வெள்ளியங்கிரியும் ஏறி எறங்கிட்டார், அதனால "பரிக்கிரமான்னா மலைய சுத்தி 52 கிலோமீட்டர மூணு நாள்ல நடக்கணும், அவ்வளவு தானே"ங்கறார். பிபிக்கு மாத்திரை போடறார், கட்டுக்குள்ள இருக்கு, சுகர் கிடையாது. நடையப் பத்தி எனக்கும் கவலை இல்லீங்க, உயரத்த நெனச்சா தான் பயம். அதுக்கும் மேல ஒன்னு இருக்கு. எதாவது கேட்டோம்னா "அங்க போய் உசுரு போச்சுன்னா அத விட பாக்கியம் உண்டா"ன்னு ஒரே வார்த்தைல வாயடைச்சிடறார், அம்மா அதக் கேட்டுட்டு அழறாங்க. நானும் கூட போறதா இருக்கேன், எனக்கும் சின்ன வயசு ஆசை அது. எந்த ரூட்டு நல்லது, எப்படி தயாராகறது, பரிக்கிரமா முழுசா முடிக்கலன்னா யாத்திரை பூர்த்தி ஆகாதா, எல்லாத்தையும் மனசு விட்டு சொல்லுங்க.

மலைப்பாதை:
தங்கச்சி, நான் நேபாளத்து வழியா, எல்லை தாண்டினதும் திபெத்துல வர்ற கேருங் ஊரு ரோட்ல போனவன். அப்பாவோட கால் பலத்துல சந்தேகமே வேணாம். ஆனா கிரிவலப் பாதை சமதரை, வெள்ளியங்கிரி உச்சியே 1,800 மீட்டருக்குள்ள தான். பரிக்கிரமா ஆரம்பிக்கற தார்ச்சன் ஊரு 4,600 மீட்டர் கிட்ட இருக்கு. மொத நாள் யமத்துவாரம் தாண்டி ஆத்தோரமா நடந்து திராபுக் போய் சேரணும், அது கிட்டத்தட்ட 5,000. ரெண்டாம் நாள் டோல்மா லா கணவாய், 5,600க்கும் மேல, அத தாண்டி எறங்கி சுத்துல்புக் போய் தான் படுக்க முடியும். மூணாம் நாள் நடை லேசு.

அந்த ரெண்டாம் நாள் தான் எல்லாமே. இருட்டோட கெளம்பணும், கணவாய்க்கு முன்னாடி ஏத்தத்துல பத்தடி வச்சா நின்னு மூச்சு வாங்கணும், நல்லா பேசிட்டு வந்தவங்க எல்லாம் அங்க பேச்ச நிறுத்திடுவாங்க. மேல போனா கொடி கொடியா, பாறையே தெரியாத அளவுக்கு மந்திரம் அச்சடிச்ச துணி கட்டி வச்சிருப்பாங்க. அங்க ரொம்ப நேரம் நிக்கக் கூடாது, கும்புட்டுட்டு எறங்கிடணும். குதிரைல போறவங்க ஒன்னு தெரிஞ்சுக்கணும், கணவாய்க்கு அந்தப் பக்கம் எறக்கம் ரொம்ப செங்குத்து, வெறும் பாறையும் சரளையுமா இருக்கும், அங்க குதிரைல உக்கார முடியாது, எல்லாரும் எறங்கி நடந்து தான் ஆகணும். கௌரிகுண்டம்ங்கற குளம் கீழ பள்ளத்துல பச்சையா தெரியும், பாதிக்கு மேல பனி மூடியிருக்கும். "குதிரை போட்டுட்டோம்ல, அப்பாக்கு கஷ்டம் இல்ல"ன்னு நெனச்சு போற குடும்பங்க இந்த எறக்கத்துல தான் தவிச்சு போறாங்க.

வெண்பனி:
அண்ணா சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. நான் ஐசியூ நர்ஸ், கைலாயமும் போயிட்டு வந்தவ. காத்துல ஆக்சிஜன் பங்கு எங்க போனாலும் 21 சதவீதம் தான், உயரம் போகப் போக காத்தோட அழுத்தம் கொறையுது, டோல்மா லா உயரத்துல நம்ம ஊர்ல கெடைக்கறதுல பாதி தான் கெடைக்கும். உடம்பு அதுக்கு பழகிக்கும், ஆனா நாள் குடுக்கணும். 3,000 மீட்டர் தாண்டிட்டா ராத்திரி தூங்கற எடத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக் கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவ அதே உயரத்துல ஒரு நாள் சும்மா இருக்கணும். இது மலை மருத்துவத்துல பொதுவா சொல்ற கணக்கு. இந்த கணக்க கைல வச்சுகிட்டு ஏஜென்ட் குடுக்கற அட்டவணைய பாருங்க. கேருங் 2,800 கிட்ட, அடுத்த தங்கல் சாகா 4,450 கிட்ட, ஒரே பகல்ல 1,600 மீட்டர் ஏறிடறாங்க. ஹெலிகாப்டர் வழி இன்னும் வேகம், நேபாள்கஞ்ச் 150 மீட்டர், அடுத்து சிமிகோட் 2,900, அப்புறம் ஹில்சா, புராங், தார்ச்சன்னு போய்கிட்டே இருப்பாங்க. அதனால விலை எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி எந்த ஊர்ல எத்தன ராத்திரின்னு கேளுங்க.

உயரத்துல வர்ற தலைவலி, வாந்திய தடுக்க போடற டயாமாக்ஸ் மாத்திரை பத்தி எல்லாரும் கேப்பாங்க. தடுப்புக்கு வழக்கமா 125 மில்லிகிராம் காலைல ஒன்னு ராத்திரி ஒன்னு, ஏறறதுக்கு முதல் நாளே ஆரம்பிக்கறது. ஆனா சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க டாக்டர கேக்காம தொடவே கூடாது, அப்பா பிபிக்கு என்ன மாத்திரை போடறார்ங்கறதயும் டாக்டர் பாக்கணும். போட்டா வெரல் நுனி சுறுசுறுங்கும், சிறுநீர் அடிக்கடி போகும், அதுக்கு பயந்துட்டு தண்ணி குடிக்கறத நிறுத்திடாதீங்க. ஏற்கனவே இங்க வீட்டுல இருக்கறப்பவே ரெண்டு நாள் போட்டு பாத்துட்டா ஒத்துக்குதான்னு தெரிஞ்சிடும்.

தலைவலி, வாந்தி வர்ற மாதிரி, சாப்பாடு எறங்காதது, இதெல்லாம் ஆரம்பம். அப்படி இருக்கறப்ப மேல ஏறக் கூடாது, அவ்வளவு தான். உக்காந்திருக்கறப்பவே மூச்சு வாங்குது, இருமல்ல நுரை வருதுன்னா நுரையீரல்ல நீர் கோத்துக்குதுன்னு அர்த்தம். பேச்சு கொழறுது, நேர்கோட்டுல அடி மேல அடி வச்சு நடக்க சொன்னா தள்ளாடறார்ன்னா மூளை வீங்குது. இந்த ரெண்டுலயும் ஒரு மணி நேரம் கூட காத்திருக்கக் கூடாது, கீழ எறக்கணும். இங்க தான் கைலாயம் மத்த மலைங்கள விட கஷ்டம், திபெத்து முழுக்க பீடபூமி, கீழ எறங்கறதுக்கு கீழன்னு ஒரு எடமே பக்கத்துல கெடையாது. திராபுக்லேருந்து தார்ச்சன் வந்தா சில நூறு மீட்டர் தான் கொறையும். புராங் வந்தாலும் 3,900 கிட்ட தான். அதனால தான் ஆரம்பத்துலயே சொல்லிடணும், முத்தின பிறகு சொன்னா எங்க எறக்கறது?

சிவதாசன்:
அம்மா மேகலை, வெண்பனி சொன்னது எல்லாம் சரி, மறுக்கல. ஆனா இந்த இழைல பரமேசுவரனப் பத்தின பேச்சே காணோமேன்னு இருக்கு. எனக்கு 72 ஆகுது. நாப்பது வருஷ ஆசை. கவர்மென்ட் யாத்திரைக்கு 70 தான் வரம்பு, 2020லேருந்து யாத்திரையே நடக்கல, 2025ல தெறந்தப்ப எனக்கு வயசு தாண்டிடுச்சு. அதனால உங்க அப்பா மனசு எனக்கு தெரியும். காரைக்கால் அம்மையார் சாமி இருக்கற மலைய கால் வச்சு மிதிக்கக் கூடாதுன்னு தலையால நடந்து போனாங்க. அப்பர் பெருமான் தள்ளாத வயசுல வடக்க நடந்து, கால் தேஞ்சு கையால தவழ்ந்து, கையும் தேஞ்சு மார்பால ஊர்ந்து, உருண்டு போனார். வழில சிவனே முனிவரா வந்து மனுஷ உடம்போட அங்க போக முடியாது திரும்பிப் போன்னு சொன்னப்ப கூட, ஆண்டவன் இருக்கற எடத்த பாக்காம சாகப் போற இந்த உடம்ப தூக்கிட்டு திரும்ப மாட்டேன்னு தான் சொன்னார். உங்க அப்பா பேசறது அந்த பாஷை. பயமுறுத்தாதீங்க, ஆசீர்வாதம் பண்ணி அனுப்புங்க.

ஆதிரை:
சிவதாசன் ஐயா, உங்க ஏக்கம் புரியுது, படிக்கறப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அப்பர் கதைல நீங்க நிறுத்தின எடத்துக்கு அப்புறமும் இருக்குதே ஐயா. திரும்ப மாட்டேன்னு சொன்னவர் கிட்ட, இந்த குளத்துல முழுகு, கயிலாய காட்சிய திருவையாத்துல குடுக்கறோம்னு குரல் கேட்டது. அவர் அதுக்கு மேல வாதாடல. முழுகினார், திருவையாத்து குளத்துல எழுந்தார். இன்னைக்கும் ஆடி அமாவாசைக்கு ஐயாறப்பர் கோயில்ல அந்த காட்சிக்கு தான் அவ்வளவு கூட்டம். உறுதியா நின்னதும் பக்தி, சொன்ன சொல்லுக்கு உடனே திரும்பினதும் பக்தி. என் மனசுக்கு ரெண்டாவது தான் பெருசா படுது, ஏன்னா நான் திராபுக்லேருந்து திரும்பினவ.

மொத நாள் ராத்திரி எனக்கு மண்டை பொளக்கற மாதிரி வலி, ஒரு வாய் கஞ்சி கூட நிக்கல. எங்க குழுல ஒரு அக்காவுக்கும் அதே தான், ஆனா அவங்க யார் கிட்டயும் சொல்லாதன்னு என் கையப் புடிச்சு கெஞ்சினாங்க, சொன்னா கைடு நிறுத்திடுவார்னு. நான் ரெண்டு பேருக்கும் சேர்த்து சொல்லிட்டேன். விடியக்காலைல மத்தவங்க எல்லாம் டோல்மா லா பக்கம் போயிட்டாங்க, நாங்க ரெண்டு பேரும் கம்பளிய போத்திகிட்டு வாசல்ல உக்காந்தோம். வடக்கு முகம் நேர் எதிர்ல, செங்குத்தா கறுப்பு பாறை, அதுல வரி வரியா பனி, வெயில் உச்சில பட்டு மஞ்சளாகி மெல்ல கீழ எறங்கி வந்துச்சு. அந்த அக்கா முதல்ல என் மேல கோவமா இருந்தாங்க, அப்புறம் சத்தமா பஞ்சாட்சரம் சொல்ல ஆரம்பிச்சாங்க. எனக்கு யாத்திரை அங்க பூர்த்தி ஆச்சு மேகலை. முடிக்காதவங்கன்னு எங்கள சில பேர் சொல்றாங்க, சொல்லிக்கட்டும்.

ஒன்னு மட்டும் அழுத்தி சொல்றேன். பக்தில போறவங்க அங்க உடம்ப மறைக்கறாங்க. தலைவலிய மறைப்பாங்க, ஏகாதசி பிரதோஷம்னு விரதத்தையும் விடாம இருப்பாங்க, பொம்பளைங்க நாம கழிப்பறை வசதி இல்லன்னு தண்ணியே குடிக்க மாட்டோம், மானசரோவர் கரைல அந்த காத்துல தலைக்கு ஊத்திகிட்டு ஈர முடியோட நிப்போம். இதெல்லாம் தவம்னு நெனப்பு. எனக்கு என்ன தோணுதுன்னா அந்த மலைல எடுக்க வேண்டிய ஒரே விரதம் உண்மைய சொல்றது தான், எனக்கு வலிக்குது, எனக்கு மூச்சு வாங்குதுன்னு கூட வர்றவங்க கிட்ட மறைக்காம சொல்றது. அது விரதம் இருக்கறத விட கஷ்டம், அத்தன வருஷ ஆசை எதிர்ல நிக்கறப்ப வாய் வராது.

யாழ்_வாணி:
நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு குழுவாப் போனனாங்கள், காத்மாண்டுக்குப் போய் பசுபதிநாதரைக் கும்பிட்டிட்டு அங்கயிருந்து. ஆதிரை அக்கா சொன்னது சரி. நான் வேற ஒண்டு சொல்லலாம் எண்டு வந்தன். அங்க சுத்திறது எங்கட சைவ ஆக்கள் மட்டும் இல்லை. பௌத்தர், சமணர், திபெத்தின்ர பழைய பொன் (Bon) சமயக்காரர், எல்லாருக்கும் அது புனித மலை. சமணருக்கு ரிஷபதேவர் முத்தி அடைஞ்ச இடம். பொன் சமயத்து ஆக்கள் எங்களுக்கு எதிர்ப்பக்கமாச் சுத்துவினம், பாதையில நேருக்கு நேர் வந்து சிரிச்சிட்டுப் போவினம். நான் கண்ட ஒரு திபெத்து அம்மா, முன்னால தோல்ப் போர்வை கட்டி, கையில ரெண்டு மரப்பலகை மாட்டி, விழுந்து கும்பிட்டு, எழும்பி, கை தொட்ட இடத்தில நிண்டு திரும்பவும் விழுந்து, இப்பிடியே முழு மலையையும் சுத்துறா. கிழமைக் கணக்கா எடுக்குமாம். நெத்தியில மண் காய்ஞ்சு போய்க் கிடந்தது. அவ ஒரு இடத்தில இருந்து தேத்தண்ணி குடிச்சா, வடிவா இளைப்பாறினா, பிறகு விட்ட இடத்தில இருந்து தொடங்கினா. அவசரமே இல்லை. எங்கட ஆக்களுக்கு மூண்டு நாளுக்குள்ள முடிக்க வேணும் எண்ட அந்தரம் தான் கூட. அவை அந்த உயரத்திலயே பிறந்து வளந்தவை எண்டதையும் மறக்கக் கூடாது.

மலைப்பாதை:
வாணி சொன்ன அவசரம் தான் நெசம். இதுல இன்னொரு விஷயம், 2026 திபெத்துக்காரங்களுக்கு குதிரை வருஷம், 2014க்கு அப்புறம் இப்ப தான் வருது. குதிரை வருஷத்துல ஒரு சுத்து சுத்தினா மத்த வருஷத்துல பல சுத்து சுத்தின பலன்னு அவங்க நம்பிக்கை, அதனால கூட்டம் எக்கச்சக்கமா இருக்கும், தங்கற எடம், குதிரை எல்லாத்துக்கும் தட்டுப்பாடு வரும். நம்ம ஆளுங்க கிட்ட இத சொல்லி "இந்த வருஷம் விட்டா பன்னெண்டு வருஷம்"னு அவசரப்படுத்தி காசு வாங்கறாங்க, எங்கள கூட்டிட்டு போன ஏஜென்டே ரெண்டு ராத்திரி கேருங்ல தங்கல்னு சொல்லிட்டு கடைசில ஒரு ராத்திரி தான் குடுத்தார், அடுத்த நாள் சாகால பாதி பேருக்கு தலைய தூக்க முடியல. எழுத்துல வாங்கிக்கோங்க.

சிவதாசன் ஐயா, அங்க உசுரு போனா பாக்கியம்னு சொல்றது பத்தி மரியாதையோட ஒன்னு. போறவருக்கு பாக்கியமா இருக்கலாம், கூட நிக்கற பொண்ணுக்கு? வேத்து நாட்டுல, பாஷை தெரியாத எடத்துல, கிட்ட ஆஸ்பத்திரி இல்லாத எடத்துல, பேப்பர் வேலை முடிச்சு எல்லை தாண்டி உடம்ப கொண்டு வரணும். குழு மொத்தமும் நிக்கும். மேகலை அத நெனச்சு தான் கேக்குது. 1998 ஆகஸ்ட்ல உத்தராகண்ட் மால்பா நிலச்சரிவுல யாத்திரை போனவங்களே அறுபது பேர் கிட்ட போயிட்டாங்க, ஒடிசி நடனக்காரங்க புரோதிமா பேடியும் அதுல ஒருத்தர். மலையே இடிஞ்சு விழறது நம்ம கைல இல்ல. தலைவலிய சொல்றது நம்ம கைல இருக்குல்ல ஐயா.

வெண்பனி:
ரூட்டு கேட்டீங்களே மேகலை. வெளியுறவுத்துறை நடத்தற யாத்திரைல ரெண்டு வழி, உத்தராகண்ட் லிபுலேக், சிக்கிம் நாதுலா. லிபுலேக் 1981லேருந்து, நாதுலா 2015லேருந்து. ஆன்லைன்ல விண்ணப்பம், கம்ப்யூட்டர் குலுக்கல். வயசு 18லேருந்து 70, பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு, 25க்குள்ள இருக்கணும், டெல்லில முழு மெடிக்கல் செக்கப், அதுல தேறினாலும் மேல போய் திரும்பவும் செக் பண்ணுவாங்க, ஆகலன்னா அங்கேருந்தே திருப்பி அனுப்பிடுவாங்க. 2025ல லிபுலேக் வழியா 50 பேரா 5 குழு, நாதுலா வழியா 50 பேரா 10 குழு போச்சு, அதனால எடம் கெடைக்கறது அதிர்ஷ்டம் தான். சுமார் மூணு வாரம் ஆகும், பல பேர் இத குறையா சொல்றாங்க, என்னைக் கேட்டா அந்த மூணு வாரம் தான் உடம்புக்கு அது குடுக்கற பாதுகாப்பு. லிபுலேக்ல முன்னாடி நாள் கணக்கா நடந்து போகணும், இப்ப ரோடு வந்துடுச்சு, நடை கொறைஞ்சுது, பழகற நாளும் கொறைஞ்சுது, அதனால வழில குஞ்சிங்கற ஊர்ல தங்க வைக்கறப்ப சும்மா உக்கார வச்சுட்டாங்கன்னு சலிச்சுக்காதீங்க.

நேபாள வழின்னா வானிலையும் பாருங்க. 2025 ஜூலைல வெள்ளம் வந்து ரசுவாகடி எல்லைப் பாலத்தையே அடிச்சுட்டு போச்சு. திட்டத்துல நாலஞ்சு நாள் கூட வச்சுக்கிட்டு போங்க, திரும்பற டிக்கெட்ட இறுக்கமா போடாதீங்க. ஹெலிகாப்டர் மீட்பு சேர்ந்த இன்சூரன்ஸ் எடுங்க, ஆனா அது நேபாளத்து பக்கம் தான் பெரும்பாலும் உதவும், திபெத்து பக்கம் ரோட்டு வழியா எல்லை வரைக்கும் வந்து தான் ஏத்த முடியும்.

சிவதாசன்:
நான் சொன்னதுலேருந்து பின்வாங்கல. அந்த ஆசை இல்லாதவன் அங்க போய் மலைய பாத்துட்டு போட்டோ எடுத்துட்டு தான் வருவான். ஆனா ஆதிரை அம்மா சொன்ன திருவையாத்து பாதி என்னை ரெண்டு நாளா விடல. ஆடி அமாவாசைக்கு வருஷா வருஷம் போறவன் நான், அந்த காட்சிய கயிலைக்கு போக முடியாதவங்களுக்கு குடுத்த ஆறுதல்னு தான் இத்தன நாளா நெனச்சேன். திரும்புன்னு சொன்ன வாக்க கேட்டதுக்கு கெடைச்சதுன்னு நெனச்சு பாக்கல. மேகலை, உங்க அப்பாவுக்கு என் நம்பர் தனிமடல்ல அனுப்பறேன், பேச சொல்லுங்க. என் வயசுக்காரன் சொன்னா கேப்பார்.

மேகலை_திருச்சி:
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. இந்த இழைய முழுசா அப்பாக்கு படிச்சு காட்டினேன், ஆதிரை அக்கா எழுதினத ரெண்டு தரம் படிக்க சொன்னார். சிவதாசன் ஐயாவோட நேத்து முக்கா மணி நேரம் பேசினார், என்ன பேசினாங்கன்னு எங்க கிட்ட சொல்லல. இன்னைக்கு காலைல அவரே வந்து, டாக்டர் கிட்ட போலாம், எக்கோவும் டிரெட்மில் டெஸ்டும் எடுத்துக்கறேன், அவர் வேணாம்னு சொன்னா நேபாளத்துல இருக்கற முக்திநாத் கோயிலுக்கு போலாம்னு சொல்றார். சரின்னு வந்தா நாதுலாவுக்கு ரெண்டு பேரும் விண்ணப்பம் போடறோம். அம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க, அங்க தெனமும் ராத்திரி நான் அப்பாவ கேக்கணும், அப்பா என்னைக் கேக்கணும், தலைவலிக்குதா மூச்சு வாங்குதான்னு, பொய் சொல்லக் கூடாதுன்னு. அப்பா தலையாட்டினார். முக்திநாத்லயும் உயர பிரச்சனை உண்டா? ஷூ இப்பவே வாங்கிடலாமா?

வெண்பனி:
முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல தான், அங்கயும் தலைவலி வரும், ஆனா ஜோம்சோம் 2,700 கிட்ட இருக்கு, ஒன்னு ரெண்டு ராத்திரி அங்க தங்கிட்டு மேல போங்க, முடியலன்னா ஒரே நாள்ல எறங்கிடலாம். கைலாயத்துல இல்லாத வசதி அது. அப்பாவோட பிபி மாத்திரை பேர சொல்லி டயாமாக்ஸ் சேருமான்னு டாக்டர் கிட்ட கேக்க மறந்துடாதீங்க.

மலைப்பாதை:
ஷூ இப்பவே வாங்குங்க தங்கச்சி, கணுக்கால் மூடற மாதிரி, ஒரு சைஸ் கூட, கம்பளி சாக்ஸ் போட்டுகிட்டு போய் அளவு பாக்கணும். செருப்பில்லாம நடந்து பழகினவருக்கு ஷூவே புது பழக்கம், பௌர்ணமி கிரிவலத்துக்கு அப்பா ஒத்துக்க மாட்டார், அதனால மத்த நாள்ல காவிரிக் கரைல தெனம் ஒரு மணி நேரம் போட்டு நடக்க சொல்லுங்க. மலைக்கோட்டை படி பக்கத்துலயே இருக்கே, வாரம் மூணு நாள் ஏறி எறங்கட்டும், எறங்கறப்ப தான் முட்டிக்கு வேலை. கைக்கு உள்ள ஒரு மெல்லிசு கையுறை, மேல தடியா ஒன்னு. ஊனுகோல் ரெண்டு கட்டாயம், டோல்மா லா எறக்கத்துல அது இல்லாம முடியாது.